யூராலஜிஸ்ட்: உள்ளூரிலா, திருச்சியிலா, தஞ்சாவூர் மெடிக்கலிலா?

கும்பகோணத்தில் இருக்கும் ஒருவருக்கு "புரோஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பெருத்திருக்கிறது" என்றோ "கிட்னியில் 9 மில்லிமீட்டர் கல்" என்றோ ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டால், போவதற்கு மூன்று வழி இருக்கிறது. சாயங்காலம் உள்ளூரில் கிளினிக் நடத்தி, பக்கத்து நர்சிங் ஹோமில் ஆபரேஷன் செய்யும் யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதைக்கான அறுவை சிகிச்சை டாக்டர். திருச்சியில் ஒரு பெரிய கார்ப்பரேட் மருத்துவமனை. 40 கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காரைக்குடி, மதுரை என்றோ தென்காசி, திருநெல்வேலி என்றோ ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

என் சித்தப்பாவுக்காக இந்த மூன்றையும் விசாரிக்க வேண்டி வந்தது. புரோஸ்டேட், வயது 68, மகனுடைய கம்பெனி பாலிசியில் பெயர் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் முதலில் கேட்டது, "அந்த டாக்டர் இன்சூரன்ஸ் எடுத்துக்குவாரா?" என்றுதான். ஆனால் நம் நாட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போடுவது டாக்டரோடு அல்ல, மருத்துவமனையோடு. ஒரே யூராலஜிஸ்ட் வாரத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஆபரேஷன் செய்வார். ஒரு இடத்தில் கேஷ்லெஸ் இருக்கும், அதாவது பில்லைக் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டும். இன்னொன்றில் முதலமைச்சர் காப்பீடு இருக்கும். மூன்றாவதில் கையிலிருந்து கட்டிவிட்டு, பில்லை அனுப்பிப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கத்தி பிடிக்கும் கை ஒன்றுதான், பில் போடும் கவுண்டர்தான் வேறு.

அதனால் நான் பிடித்துக்கொண்ட வரிசை இது: முதலில் டாக்டர், அப்புறம் அவர் எங்கெல்லாம் ஆபரேஷன் செய்கிறார் என்பது, கடைசியில் இன்சூரன்ஸ். இதைத் தலைகீழாகச் செய்தால் கம்பெனியின் நெட்வொர்க் (ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைகள்) பட்டியலில் இருக்கிற மருத்துவமனைக்குப் போய், அங்கே அன்றைக்கு யார் இருக்கிறாரோ அவரிடம் காட்டிவிட்டு வருவோம். பெரும்பாலானவர்கள் செய்வது அதைத்தான்.

யூராலஜிஸ்ட்தானா?

எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று வருஷம் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி படித்து, அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.சிஎச். யூராலஜி படித்தவர்தான் யூராலஜிஸ்ட். தேசியத் தேர்வு வாரியம் வழியாக வந்தவர்கள் டி.என்.பி. ஜெனிட்டோ யூரினரி சர்ஜரி என்று போட்டுக்கொள்வார்கள். சமீப வருஷங்களில் முடித்தவர்கள் டிஆர்.என்.பி. என்று போடுகிறார்கள். இரண்டையும் எம்.சிஎச்.சுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

போர்டில் எம்.எஸ். மட்டும் இருந்து, கீழே "சிறுநீரகக் கல் சிறப்பு சிகிச்சை" என்று பெரிதாக எழுதியிருந்தால் அவர் பொது அறுவை சிகிச்சை நிபுணர். பெயருக்குப் பின்னால் எஃப்.எம்.ஏ.எஸ்., எஃப்.ஐ.ஏ.ஜி.இ.எஸ். என்று ரயில் மாதிரி நீண்டாலும் அதெல்லாம் லேப்ராஸ்கோப்பி தொடர்பான ஃபெலோஷிப்கள், யூராலஜி ஆகாது. டி.எம். நெஃப்ராலஜி என்றால் அவர் மருந்து, டயாலிசிஸ் பக்கத்து ஆள். கிட்னி சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தால் அவரைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் கல்லை எடுப்பதும் புரோஸ்டேட்டைச் செதுக்குவதும் அவர் வேலை இல்லை. ஊரில் இரண்டு பேரையும் "கிட்னி டாக்டர்" என்றே சொல்வதால் தவறான வாசலில் உட்கார்ந்து டோக்கன் வாங்கியவர்கள் நிறைய. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் "விரைவில் தீர்வு" நோட்டீஸ்காரர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பட்டம் நிஜம்தானா என்று பார்ப்பது இப்போது சுலபம். டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். வெளிமாநிலத்தில் பதிவு செய்தவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேடு இருக்கிறது. பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம் ஆட்களின் இனிஷியல் சில இடத்தில் முன்னால் வரும், சில இடத்தில் பின்னால் வரும், சில இடத்தில் அப்பா பெயராகவே விரிந்துவிடும். கார்த்திகேயனை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். எண்ணைப் போட்டால் ஒரே ஆள்தான் வருவார்.

பதிவேட்டில் எம்.பி.பி.எஸ். மட்டும் தெரிந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். மேற்படிப்பைத் தனியாகப் பதிய வேண்டும், பதிவேட்டில் அது ஏறத் தாமதமாகியிருக்கலாம். "சார், எம்.சிஎச். எங்கே பண்ணீங்க?" என்று நேரில் கேட்டுவிடலாம். சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை, வேலூர் சி.எம்.சி. என்று எந்த இடமோ அதைச் சொல்ல எந்த யூராலஜிஸ்டும் தயங்கமாட்டார். தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

கூகுள் நட்சத்திரங்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. "ரொம்ப நேரம் உட்கார வைத்தார்கள்" என்று ஒரு நட்சத்திரம், "ரிசப்ஷனில் அன்பாகப் பேசினார்கள்" என்று ஐந்து நட்சத்திரம். ஆபரேஷன் எப்படி என்பது அதில் எங்கும் இல்லை. அதைவிட மதிப்பான சாட்சி ஊரில் இருக்கும் மயக்க மருந்து டாக்டர். எல்லா சர்ஜனின் கையையும் தியேட்டருக்குள் நின்று பார்ப்பவர் அவர் ஒருவர்தான். உறவில், தெருவில், படித்த பள்ளியில் என்று எப்படியாவது ஒரு மயக்க மருந்து டாக்டரைத் தெரிந்தவர் கிடைப்பார். அவரிடம் "யார் நல்லவர்?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்பார். "இந்த வயசு, இந்தப் பிரச்சினை, யாரிடம் போகலாம்?" என்று கேட்டால் ஒரே பெயர்தான் வரும்.

உள்ளூர் நர்சிங் ஹோம்

இதன் பலம், பார்ப்பவரும் அறுப்பவரும் பின்னால் கவனிப்பவரும் ஒரே ஆள் என்பது. யூராலஜியில் இது சின்ன விஷயம் இல்லை. கதீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கும் குழாய்) அடைத்துக்கொள்ளும், சிறுநீரில் ரத்தம் வரும், எரிச்சல் தாங்காது. இதெல்லாம் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன பிறகு, ராத்திரி பார்த்துத்தான் வரும்.

இங்கே முதலில் கேட்க வேண்டியது டாக்டர் உள்ளூரில் குடியிருப்பவரா, வாரத்தில் ஒரு நாள் திருச்சியிலிருந்து வந்து போகிறவரா என்பது. சிறு நகரங்களில் பாதிப் போர்டுகள் வந்து போகிறவர்களுடையவை. அவர்கள் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் ஆபரேஷன் முடித்துவிட்டு அவர் கார் ஏறிவிட்டால், சனிக்கிழமை ராத்திரி ரத்தக் கட்டியால் கதீட்டர் அடைத்தால் யார் வந்து கழுவி விடுவார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு செல் நம்பரும் பதிலாக வர வேண்டும். "பாத்துக்கலாம்" என்பது பதில் அல்ல.

இரண்டாவது, கருவி. லேசர் வசதி உண்டு என்று நர்சிங் ஹோம் போர்டில் இருக்கும். பல இடங்களில் அந்த மெஷின் ஆபரேஷன் அன்று வாடகைக்கு, டெக்னீஷியனோடு வேனில் வரும். தப்பில்லை, ஆனால் வாடகை பில்லில் ஏறும், மெஷின் வராவிட்டால் தேதி தள்ளும். அப்புறம் ஐ.சி.யு., ரத்த வங்கி. 45 வயசுக்காரருக்கு யூரிட்டர் (கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய்) கல் எடுக்க இவை இல்லாமலும் சமாளிக்கலாம். இதய நோயாளிக்கு முடியாது.

இன்சூரன்ஸ் பக்கம் வந்தால், சிறிய நர்சிங் ஹோம்களில் பாதிக்கு மேல் நம் பாலிசியின் நெட்வொர்க்கில் இருக்காது என்ற நினைப்போடு தொடங்குவது நல்லது. பணம் கட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம். அதற்கு முன்னால் பாலிசி அதை மருத்துவமனை என்று ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசிடம் முறையாகப் பதிவு செய்த இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தபட்சப் படுக்கை, 24 மணி நேர நர்ஸ், டாக்டர், தியேட்டர் எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சம் 10 லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழ் ரிசப்ஷன் சுவரில் மாட்டியிருக்கும், தேதி முடியவில்லையா என்று பாருங்கள். இன்னொன்று, ஒவ்வொரு கம்பெனியும் "இந்த மருத்துவமனைகளுக்குப் பணம் தரமாட்டோம்" என்று ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருக்கும் இடத்தில் திட்டமிட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் கிளெய்ம் கிடையாது. நெட்வொர்க் பட்டியலைப் பார்ப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

"எங்கும் கேஷ்லெஸ்" என்று 2024 ஜனவரியில் ஒரு ஏற்பாடு வந்தது. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும், திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரத்துக்கு முன் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு கேஷ்லெஸ் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பணம் எப்போது வருமோ என்று யோசிக்கும் சிறிய நர்சிங் ஹோம் பெரும்பாலும் தலையை ஆட்டாது.

திருச்சி

பெரிய மருத்துவமனையில் சொந்த லேசர், ஐ.சி.யு., இதய டாக்டர், இன்சூரன்ஸுக்கென்று தனி மேஜை எல்லாம் இருக்கும். கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் நேரத்தில் இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கெடு வைத்திருக்கிறது. மேஜையில் இருப்பவர் இழுத்தால் இதைச் சொல்லலாம், கொஞ்சம் வேகம் வரும்.

கேஷ்லெஸ் என்றால் காசே இல்லை என்று நினைத்துப் போகிறவர்கள்தான் இங்கே அடிபடுகிறார்கள். பெரிய அடி அறை வாடகையில். 3 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். "அப்பாவுக்குக் கொஞ்சம் வசதியா இருக்கட்டும்" என்று 6,000 ரூபாய் அறையை எடுத்தால், வாடகையில் பாதி மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் சார்ஜ் எல்லாவற்றிலும் பாதிதான் கம்பெனி தரும். அந்த வகைச் செலவு 80,000 என்றால் 40,000 நம் பாக்கெட்டிலிருந்து. மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் கருவி ஆகியவற்றில் இந்த வெட்டு கிடையாது. எல்லாப் பாலிசியிலும் இந்த வரம்பு இருக்காது. இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.

புரோஸ்டேட்காரர்களுக்கு என்றே இன்னொரு கண்ணி இருக்கிறது. 2019-இல் ஆணையம் 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்றது. ரோபோட் அறுவை சிகிச்சையும், கிரீன் லேசர் அல்லது ஹோல்மியம் லேசர் கொண்டு செய்யும் புரோஸ்டேட் சிகிச்சையும் அதில் உண்டு. நல்ல செய்திதான். ஆனால் ஒதுக்கக் கூடாது என்றதே தவிர, உச்சவரம்பு வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பல பாலிசிகள் இந்தப் பன்னிரண்டுக்கும் தனி வரம்பு வைத்திருக்கின்றன. பழைய முறையான டி.யு.ஆர்.பி.க்கு முழுப் பணம் வரும், ஹோலெப் என்ற லேசர் முறைக்குப் பாதியில் நிற்கும். டாக்டர் எந்த முறை என்று சொன்னதும் அதே பெயரைச் சொல்லி இன்சூரன்ஸ் மேஜையில் கேளுங்கள். "புரோஸ்டேட் ஆபரேஷன்" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

காத்திருப்புக் காலம் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தனிப்பட்ட பாலிசிகளில் சிறுநீரகக் கல், புரோஸ்டேட் வீக்கம் இரண்டும் கிட்டத்தட்ட எப்போதும் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். வழக்கமாக 24 மாதம். ஆணையம் அனுமதிக்கும் உச்சம் இப்போது 36 மாதம். போன வருஷம் எடுத்த பாலிசியை நம்பித் தேதி குறிக்காதீர்கள். கம்பெனி குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இல்லை. பதிலுக்குப் பெற்றோருக்கு 10 அல்லது 20 சதவீதம் நம் பங்கு என்று வைத்திருப்பார்கள்.

ஓ.பி. ஃபீஸுக்கு இன்சூரன்ஸ் வராது என்றாலும், அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. சில பாலிசிகளில் இன்னும் கூடுதல் நாள். ஸ்கேன், புரோஸ்டேட்டுக்காக எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, சாயங்கால கிளினிக் ஃபீஸ் எல்லாம் இதில் சேரும், ரசீது இருந்தால். உள்ளூர் கிளினிக்கில் பலரும் ரசீது கேட்பதில்லை. கேட்டால் கொடுப்பார்கள்.

தஞ்சாவூர் மெடிக்கல்

நடுத்தரக் குடும்பங்கள் இதைப் பட்டியலிலேயே வைப்பதில்லை, நோயாளியைவிட "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பது பெரிதாகிவிடுகிறது. தகுதி என்று பார்த்தால் இங்கேதான் சந்தேகமே வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரியின் யூராலஜி துறையில் எம்.சிஎச். அல்லது அதற்குச் சமமான பட்டம் இல்லாமல் பேராசிரியர் ஆக முடியாது. மத்திய அரசின் திட்டத்தில் மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் மூன்று கல்லூரிகளுக்கும் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்கு வெளியே சொந்தமாகப் பார்க்க அனுமதி உண்டு. அதனால் சாயங்காலம் ஃபீஸ் கட்டிப் பார்க்கிற அதே டாக்டர் காலையில் அங்கே இலவசமாகப் பார்க்கிறவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

குறை, நேரம். ஓ.பி. காலையில். ஸ்கேனுக்கு ஒரு தேதி, மயக்க மருந்துத் தகுதிச் சான்றுக்கு ஒரு தேதி, ஆபரேஷனுக்கு ஒரு தேதி. கூட ஒருவர் முழு நேரமும் நிற்க வேண்டும். கதீட்டரோடு இருக்கும் வயசானவரை வைத்துக்கொண்டு இது லேசான காரியம் இல்லை. ஆனால் பாலிசி இல்லாதவர்கள், காத்திருப்புக் காலம் முடியாதவர்கள், சிக்கலான நோயும் குறைந்த பணமும் உள்ளவர்கள் கடன் வாங்கித் திருச்சிக்குப் போவதற்கு முன் ஒரு முறையாவது இங்கே காட்ட வேண்டும் என்பேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருந்தால் கணக்கு மாறும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இந்த அட்டையைத் தனியார் மருத்துவமனையிலும் காட்டலாம், ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். மருத்துவமனைகளுக்கு அனுமதி கிடைப்பது துறை வாரியாக. எலும்பு முறிவுக்கு அனுமதி இருக்கும், யூராலஜிக்கு இருக்காது. வாசலில் முதலமைச்சர் படம் போட்ட போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல், "யூராலஜிக்கு உண்டா, இந்த ஆபரேஷன் தொகுப்பில் வருமா?" என்று காப்பீட்டு அலுவலரிடம் கேட்க வேண்டும்.

எங்கள் முடிவு

சித்தப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். எங்களுக்கு உள்ளூரில் செய்துவிடலாம் என்ற ஆசை. மாலை கிளினிக்கில் டாக்டர் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மூத்திரப்பையையும் புரோஸ்டேட்டையும் வரைந்தார். "ஐயா, உங்களுக்கு இங்க வேண்டாம். ரத்தம் கசிஞ்சா இங்க ஐ.சி.யு. கிடையாது. நான் செவ்வாய்க்கிழமை திருச்சியில பண்றேன், அங்க வந்துடுங்க" என்றார். சித்தப்பா, "அங்கயும் நீங்கதானே டாக்டர்?" என்று கேட்டார். "நானேதான்" என்று சொன்னபோதே எங்கள் முடிவு ஆகிவிட்டது. திருச்சி மருத்துவமனை நெட்வொர்க்கில் இருந்தது. கம்பெனி இணையதளத்தில் மட்டும் பார்க்காமல் மருத்துவமனை மேஜைக்கும் போன் செய்து, கம்பெனி சார்பில் பாலிசியின் கிளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வின் பெயரைச் சொல்லி உறுதி செய்துகொண்டோம். இணையப் பட்டியலில் பெயர் இருந்தும் ஒப்பந்தம் புதுப்பிக்காத கதைகள் உண்டு. ஆபரேஷன் அங்கே, பின்னால் காட்டிக்கொள்வதெல்லாம் கும்பகோணம் கிளினிக்கில். இதயப் பிரச்சினை இல்லாதிருந்தால் உள்ளூரையே தேர்ந்தெடுத்திருப்பேன், கையிலிருந்து கட்டித் திரும்ப வாங்கும் அலைச்சல் இருந்தாலும்.

கல் பிரச்சினைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கல் எடுக்கும் முறைகளான யு.ஆர்.எஸ்., ஆர்.ஐ.ஆர்.எஸ்., பி.சி.என்.எல். இவற்றில் எதைச் செய்தாலும் பெரும்பாலும் உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். சில வாரத்தில் அதை எடுக்க வேண்டும். வலி போய்விட்டது என்று அதை மறந்து, மாதக்கணக்கில் விட்டு, குழாய் மேலேயே கல் படிந்து மறுபடி பெரிய ஆபரேஷனில் முடிந்தவர்கள் உண்டு. வெளியூரில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் போய் வர அலுப்பு. எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எடுப்பதை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாமா, அது உங்கள் பாலிசியின் டே கேர் (ஒரு நாள்கூடத் தங்காமல் முடியும் சிகிச்சை) பட்டியலில் தனி கிளெய்மாக வருமா என்பதையும் முதல் ஆபரேஷனுக்குப் பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.